அடி ஏறாத டெரிக்கா

சட்டியைச் சுரண்டுகிற சத்தம் நாலாவது மாடி வரைக்கும் கேட்கும். கேட்டவனுக்கு வேறு சேதி வேண்டாம், சோறு தீர்ந்துவிட்டது. அன்றைக்கும் பூச்சு வேலைக்காரர்கள் சாரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் சோறு விற்கிற இயா வாசியுவின் கரண்டி அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டது.

ஹுன்யே முன்னால் வந்து நின்றான். உடம்பெல்லாம் சிமெண்டுப் பொடி. கண்ணும் வாயும்தான் ஆளின் நிறத்தில் இருந்தன.

"இன்னைக்கும் எங்களுக்குச் சட்டியோட முதுகுதானா இயா?"

"பீன்ஸ் இருக்குடா. கொஞ்சம் மரவள்ளிக் காரியும் தரேன்."

"பீன்ஸ் நேத்தும் இருந்துச்சு. வயிறு இன்னும் அதோடதான் பேசிக்கிட்டிருக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இயா வாசியு சிரிக்கவில்லை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சிகிரத். மூத்தவன் வாசியு பிறந்த நாளிலிருந்து இக்கொரொடு ஊரே அவளை வாசியுவின் தாய் என்றுதான் கூப்பிடுகிறது. சட்டியும் கரண்டியும் கைக்கு வருமுன் அவளும் இதுபோன்ற கட்டடங்களில் கலவை சுமந்தவள்தான். முட்டி போன பிறகுதான் அடுப்புக்கு வந்தாள். வெறும் வயிற்றோடு தலையில் கலவையை ஏற்றிக்கொண்டு ஏறினால் ஏணியில் ஒரு படி இரண்டாகத் தெரியும் என்பது அவளுக்கு யாரோ சொன்ன கதையல்ல.

ஓகா, அதாவது முதலாளி, என்று எல்லாரும் கூப்பிடுகிற மேஸ்திரி டெஜுமோ மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்தான். பல்குத்தும் குச்சி வாயிலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டான் என்று அர்த்தம்.

"இயா, மூணு வாரமா இதே கூத்து. இந்த எடத்த உனக்கு ஏன் குடுத்தேன்? கடைசியா எறங்குறவனுக்கும் சோறு இருக்கும்னு நீ சொன்னதாலதான?"

"அரிசி அதே அளவுதான் ஓகா போடுறேன். குறைக்கல."

"அப்ப சட்டி திங்குதா? வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இவனுங்க பட்டினியா மேல ஏறினா, சனிக்கெழம மாமா இதாரா இங்க பெஞ்சு போட்டுக்குவா. ஏற்கெனவே ரெண்டு தடவ கேட்டுட்டா."

மாமா இதாரா தெருவுக்கு அந்தப் பக்கம், டயர்க் கடை நிழலில் சோறு விற்கிறவள். கலபார்ப் பக்கத்துக்காரி. மாமா என்றால் அங்கே அம்மா. அவள் இந்தப் பக்கம் பார்க்காதது மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி போனதும் இயா வாசியு காலிச் சட்டிக்குள் வெறித்துப் பார்த்தாள். அரிசி அதே அளவு என்று அவள் சொன்னதில் பொய் இல்லை. தினமும் எத்தனை டெரிக்கா போடுவாளோ அத்தனை டெரிக்காதான் போட்டாள். ஆனால் அத்தனை தட்டு தேறவில்லை. தட்டு விலையை ஏற்றினால் இவர்கள் வாங்க மாட்டார்கள். இன்னொரு டெரிக்கா கூடப் போட்டால் அவளுக்கு அடுப்புக் கரிதான் மிஞ்சும்.

டெரிக்கா என்பது ஒரு காலத்தில் தக்காளி விழுது அடைத்து வந்த தகர டப்பாவின் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயர். விழுது குழம்புக்குப் போனது, டப்பா சந்தைக்குப் போனது. அரிசியா, பீன்ஸா, காரியா, எதையும் அதில்தான் அளந்தார்கள். "ரெண்டு டெரிக்கா குடு" என்று கேட்டுக் கேட்டு, கம்பெனி பெயர் படியின் பெயராகிவிட்டது. இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. எந்தச் சோப்புத் தூளும் ஓமோதான், குழம்பில் விழுகிற எந்தக் கட்டியும் மேகிதான். இப்போது இந்தப் பக்கத்துக் கடைகளில் விழுது கையகலப் பொட்டலத்தில் தொங்குகிறது. பெரிய டப்பாவைக் கண்ணால் கண்டவர் குறைவு. அரிசி வரிசைப் பெண்கள் வைத்திருப்பதெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொல்லன் செய்த அலுமினியக் குவளை. அதற்கும் பெயர் டெரிக்காதான்.

அன்று சாயங்காலம் அவள் சந்தைக்குப் போனபோது எப்போதும் வாங்குகிற இயா கணியுவிடமே போய் நின்றாள். இயா கணியு குவளையை அரிசியில் அமுக்கி எடுத்து, மேலே கோபுரம் கட்டி, அது சரிந்து விழ விழ இன்னும் ஏற்றி, பையில் கொட்டினாள். அப்புறம் ஒரு கை அள்ளி, "இந்தா, கொசுறு. உன் முகத்துக்காகத்தான்" என்று போட்டாள்.

கோபுரத்தையும் கொசுறையும் பார்த்துப் பார்த்தே இத்தனை நாள் மனசு நிறைந்து போயிருந்தது என்று இயா வாசியுவுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று கையை நீட்டிக் குவளையைப் பிடுங்கித் திருப்பினாள். அடித்தகடு உள்ளே குழிந்து ஏறியிருந்தது. சுத்தியல் பட்ட தழும்புகூட ஆறவில்லை. முஷ்டியை மடக்கி அந்தக் குழிக்குள் வைத்தாள். முஷ்டி அடங்கியது.

"இதுல ஒரு கைக்கொழந்தையப் படுக்க வச்சுத் தாலாட்டலாம் போலிருக்கே இயா கணியு."

இயா கணியுவின் முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன பண்ணுவேன்? அல்ஹாஜா எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயி கொல்லங்கிட்ட அடிச்சுட்டு வந்து குடுத்தாங்க. அடிக்காத குவளைய வச்சிருந்தா கடைய எடுத்துருவாங்க."

அல்ஹாஜா மொரியாமோ அரிசி வரிசைக்குத் தலைவி. வரிசையின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எழுந்து நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாரும்தான் அவளிடம் போக வேண்டும். இயா வாசியு குவளையோடு போனாள்.

"அல்ஹாஜா, இது என்ன?"

"டெரிக்கா."

"டெரிக்காவுக்கு ஏன் வயிறு உள்ள போயிருக்கு? நோன்பா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். அல்ஹாஜா மட்டும் நிதானமாகச் சொன்னாள்:

"லாரிக்காரன் வெல ஏத்திட்டான். நான் வெலய ஏத்துனா நீங்கள்ளாம் என் குடும்பத்தையே இழுத்து வச்சுப் பேசுவீங்க. தகரம் ஏறுனா ஒருத்தியும் கத்துறதில்ல. எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

"நிம்மதி உங்களுக்கு. எனக்குப் பூச்சு வேலைக்காரன் பட்டினி. நான் டெரிக்கா கேட்டேன், டெரிக்காவுக்குத்தான் காசு குடுத்தேன்."

"டெரிக்கான்னா என்னாடி? நான் எதக் காட்டி டெரிக்காங்குறனோ அதுதான் டெரிக்கா. ஒகாடான்னு முன்னாடி ஒரு ஏரோப்ளேன் கம்பெனி இருந்துச்சு. இன்னைக்கி வாடக மோட்டார் சைக்கிள்தான் ஒகாடா. அதுல ஏறுற எவனாச்சும் றெக்க எங்கன்னு கேட்டானா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நல்ல அடிதான். இயா வாசியு உடனே திருப்பினாள்:

"றெக்க இல்லாட்டியும் பரவால்ல அல்ஹாஜா. ஒகாடாக்காரன் சொன்ன எடத்துல எறக்கி விடுறான். பாதி வழியில தள்ளிவிட்டுட்டு, இதுதான் உன் வீடுங்குறதில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அல்ஹாஜா குவளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட அசல் டெரிக்கா இருந்தாக் கொண்டா சிகிரத்து. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு வாங்கு."

பிள்ளையின் பெயரை விட்டுப் பிறந்த பெயரால் கூப்பிட்டால், அந்த ஊரில் அதற்குமேல் மரியாதை பாக்கியில்லை என்று பொருள்.

அசல் டெரிக்கா. அது அவள் வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டாள். ஒருத்தி துருப்பிடித்த பால் டப்பாவைக் காட்டினாள், இன்னொருத்தி "அத வச்சு என்ன பண்ணப் போற, எதுல அளந்தாலும் தின்னா தீருது" என்றாள். புதன்கிழமை மத்தியானம் கம்பி கட்டுகிற முடாஷிரு சாப்பிட வந்து உட்கார்ந்தான். உட்காருமுன் இடுப்பில் சொருகியிருந்த கம்பி முறுக்கும் குறட்டை எடுத்துத் தரையில் வைத்தான். பக்கத்தில் ஆணி டப்பாவையும் வைத்தான். ஆணிகள் கலகலத்தன.

இயா வாசியுவின் கரண்டி நடுவில் நின்றது. டப்பாவில் துரு. தாள் எப்போதோ போய்விட்டது. ஆனால் மூட்டுவாயில் விரலகலத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதில் டெரிக்காவின் முதல் எழுத்தும் ஒரு பாதித் தக்காளியும் இருந்தன.

"முடாஷிரு, அந்த டப்பாவக் குடு."

"எது? இதுவா? இது என் ஆபீசு."

"ஒரு நாளைக்கி."

"ஆணிய என்ன வாயிலயா வச்சுக்குவேன்? என் பொண்டாட்டியக்கூட ஒரு நாளைக்கி அவ அம்மா வீட்டுக்கு அனுப்புவேன். இத அனுப்ப மாட்டேன்."

"பொன்மோ ரெண்டு துண்டு கூட வைக்கிறேன்."

"மூணு."

"மாட்டோட தோல் முழுசா உனக்கே வேணுமா?"

"டப்பா வேணுமா வேணாமா?"

மூன்று துண்டு வைத்தாள். அவன் ஆணிகளை ஒரு சிமெண்டுத் தாளில் கொட்டினான். அடி தட்டையாக, பிறந்தபடியே இருந்தது. எந்தச் சுத்தியும் அதைத் தொட்டதில்லை. சுத்தியோடுதான் அது இத்தனை வருஷம் வாழ்ந்திருந்தது. அதைச் சொல்லி முடாஷிரு தானே ரசித்துக்கொண்டான். அவள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒரே ஒரு ஆணி அடியில் சிக்கியிருந்தது. அதை எடுத்துத் தலைத்துணியில் சொருகிக்கொண்டாள்.

டப்பா கிடைத்துவிட்டது. ஆனால் வாங்குகிறவள் கொண்டுவந்த தகரத்தில் வரிசைக்காரிகள் அளக்க மாட்டார்கள். மீறி அளந்தால் அவர்கள் கடை போகும். மூட்டை மூட்டையாக விற்கிற லாரிக்காரன் இருக்கிறான். முழு மூட்டை வாங்க அவள் ஒருத்தியால் முடியாது. நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். வாங்கினால் பிரிக்க வேண்டும். அரிசி மூட்டையை வரிசைக்கு வெளியே பிரிக்கக் கூடாது என்பது அல்ஹாஜா வைத்த சட்டம்.

அவள் தெருவைத் தாண்டி டயர்க் கடை நிழலுக்குப் போனாள். மாமா இதாரா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சண்டைக்கா வந்த?"

"அரிசிக்கு. பங்கு சேருவியான்னு கேக்க."

விஷயத்தைக் கேட்டதும் மாமா இதாரா வாய்விட்டுச் சிரித்தாள். "சனிக்கெழம உன் எடத்தப் புடிக்கப் போறேன். எங்கிட்ட வந்து பங்கு கேக்குற. உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சு."

"புடி. நான் வேணாங்கல. புடிச்சப்புறம் நீ அரிசி எங்க வாங்குவ? அதே வரிசையிலதான? அல்ஹாஜா இன்னும் ரெண்டு அடி அடிப்பா. உன் சட்டியும் சுரண்டும். அப்புறம் உன்னத் தொரத்திட்டு இன்னொருத்தி பெஞ்சு போடுவா. அவளுக்கும் இதே கதைதான்."

மாமா இதாரா சட்டியைப் பார்த்தாள். அவளுடைய சட்டியும் சீக்கிரம் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

"சேந்து வாங்குறேன். ஆனா உன்ன நம்பிச் சேரல," என்றாள்.

"நம்பச் சொன்னது யாரு?"

இன்னும் இரண்டு சோற்றுக்காரிகளையும் சேர்த்தார்கள். வியாழக்கிழமை காலையில் லாரியிலிருந்து மூட்டையை இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்றியதும், அதில் ஒருத்தி, "எங்க வீட்டுப் பின்பக்கம் போயிடலாம், யாருக்கும் தெரியாது" என்றாள்.

"தெரியணும்," என்றாள் இயா வாசியு. "வீட்டுல வச்சுப் பிரிச்சா திருட்டு. அங்க வச்சுப் பிரிச்சாத்தான் அது அளவு."

சந்தை வாசலில், அரிசி வரிசை தொடங்குகிற இடத்துக்கு நேர் எதிரே பாயை விரித்தார்கள். இயா வாசியு தலைத்துணியிலிருந்து ஆணியை உருவி மூட்டையின் தையலை நெம்பினாள். நூல் படபடவென்று அவிழ்ந்தது. முதல் டெரிக்காவை நிறைத்து, கோபுரம் கட்டாமல், முழங்கையால் வழித்துத் தட்டையாக்கித் தூக்கிக் காட்டினாள்.

"ஒண்ணு!"

மாமா இதாரா தன் எனாமல் சட்டியை நீட்டினாள். அரிசி விழுந்தது. இரண்டாவது டெரிக்கா எழும்போது அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இரு. இன்னைக்கி அந்த டப்பா உங்கிட்ட இருக்கு. நாளைக்கி நீ வேற தகரத்தக் காட்டி இதுதாங்கலாம். அப்ப எங்கிட்ட என்ன இருக்கும்?"

"எனக்கு அந்தப் புத்தி கெடையாது."

"அல்ஹாஜாவுக்கும் மொதல்ல இருந்திருக்காது. ஆணியக் குடு."

சட்டியைக் குலுக்கி அரிசியைச் சமமாக்கி, அது நின்ற மட்டத்தில் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறினாள். எனாமல் தெறித்தது. மற்ற இருவரும் பார்த்துவிட்டுத் தங்கள் சட்டிகளிலும் ஒரு டெரிக்கா போட்டுக் கீறிக்கொண்டார்கள். இயா வாசியுவுக்குச் சுருக்கென்றிருந்தது. தன்னையும் திருடிகள் வரிசையில் நிறுத்திவிட்டாளே என்று. பிறகு, கீறட்டும் என்று விட்டுவிட்டாள்.

உரக்க எண்ணி எண்ணிப் போட்டதில் கூட்டம் கூடிவிட்டது. வரிசையில் அப்போதுதான் வாங்கிக்கொண்டு வந்த ஒரு தையல்காரி, "என்னதும் ஒரு டெரிக்காதான், இதுல கொட்டிப் பாரு" என்று பையை நீட்டினாள். கொட்டினார்கள். டப்பா நிறையவில்லை. கொசுறையும் சேர்த்துத்தான் கொட்டியிருந்தார்கள். தையல்காரி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு வரிசைப் பக்கம் திரும்பிப் போட்ட கூச்சலில் தகரக் கொல்லன் கடையைச் சாத்திவிட்டான் என்று பின்னால் சொன்னார்கள்.

எழுந்தே நடக்காத அல்ஹாஜா மொரியாமோ அன்று நடந்து வந்தாள். கூடவே சந்தைக் காவலுக்கு நிற்கிற தடியன்கள் இரண்டு பேர்.

"யாரக் கேட்டு மூட்டயப் பிரிச்ச?"

"அசல் டெரிக்கா இருந்தாக் கொண்டான்னு நீங்கதான சொன்னீங்க. கொண்டாந்துட்டேன்."

டப்பாவை உயர்த்திக் காட்டினாள். சிவப்புத் தாளின் துணுக்கு எல்லாருக்கும் தெரிந்தது. அல்ஹாஜா அதைப் பார்த்த பார்வையில், அந்த டப்பாவை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தது. அவளும் ஒரு காலத்தில் அதில்தான் அளந்திருப்பாள்.

"இந்த ஓட்டத் தகரத்த வச்சு என் வரிசையக் கெடுப்பியா?" அவள் தலையை அசைத்தாள்.

ஒரு தடியன் டப்பாவைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். அது எளிதில் நசுங்கவில்லை. ஆணியைச் சுமந்த தகரம். இரண்டாவது தடவை குதித்து மிதித்தான். தட்டையாகி விட்டது.

"இப்ப அள," என்றாள் அல்ஹாஜா.

வெள்ளிக்கிழமை, ஹுன்யேயின் வெள்ளைப் புருவம், முடாஷிருவுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் ஒரே சமயத்தில் இயா வாசியுவின் மனசில் ஓடின. அவளுக்குப் பக்கத்தில் பீங்கான் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். மாமா இதாரா தன் சட்டியிலிருந்த அரிசியைப் பாயில் கவிழ்த்துவிட்டுக் காலிச் சட்டியை அல்ஹாஜாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே கறுப்பாக ஒரு கோடு.

"இதோ டெரிக்கா," என்றாள். "இதையும் மிதிக்கச் சொல்லு. எனாமல் கால்ல ஏறும். பாத்து மிதிக்கச் சொல்லு."

மற்ற இருவரும் சட்டியைத் தூக்கினார்கள். மூன்று சட்டி, மூன்று கோடு. மிதித்தவன் அல்ஹாஜாவைப் பார்த்தான். அல்ஹாஜா எதையும் பார்க்கவில்லை.

இயா வாசியு குனிந்து நசுங்கிய தகரத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மாமா இதாராவின் சட்டியை வாங்கி, மூட்டைக்குள் விட்டு, கோடு வரைக்கும் நிறைத்துத் தூக்கினாள். விட்ட இடத்திலிருந்து உரக்க எண்ணினாள்.

தையல்காரி தன் பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினாள். "அரிசி வேணாம். எனக்கும் ஒரு கோடு மட்டும் போட்டுக் குடு."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்? வரிசையில நில்லு," என்றாள் மாமா இதாரா, ஆணியைத் தேடிக்கொண்டே.

"சிகிரத்து, இனிமே இந்த வரிசையில உனக்கு ஒரு மணி அரிசி கெடையாது!" என்று அல்ஹாஜா கத்தினாள்.

"ஒரு மணிய நீங்க எதுல அளப்பீங்களோ, எனக்கு வேணாம்," என்றாள் இவள், எண்ணிக்கையை விடாமல்.

வெள்ளிக்கிழமை ஹுன்யே கடைசி ஆளாக இறங்கி வந்து, தட்டை நீட்டாமல் முதலில் சட்டிக்குள்தான் எட்டிப் பார்த்தான். சோறு இருந்தது. அப்போதும் நம்பாமல் கரண்டியால் கிளறிப் பார்க்கப் போனவனின் கையில் அவள் ஒன்று போட்டாள்.

மேஸ்திரி டெஜுமோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சந்தையில உன்னத் தள்ளி வச்சுட்டாங்களாமே. நாளைக்கி லாரிக்காரங்கிட்டயும் உனக்குக் குடுக்காதேன்னுட்டா?"

"அப்ப லாரிக்கு முன்னாடி பாய விரிப்பேன். உங்களுக்கு வேண்டியது கடைசி ஆளுக்குச் சோறு. போட்டாச்சு. என் எடத்தப் பத்தி இனிமே பேசக் கூடாது ஓகா."

அவன் குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு போனான். தெருவுக்கு அந்தப் பக்கத்தில் மாமா இதாரா, "எடம் போச்சே!" என்று டயர்க்காரனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், இவளுக்குக் கேட்கட்டும் என்று.

முடாஷிரு சிமெண்டுத் தாள் பொட்டலத்தோடு வந்து நின்றான். அவள் தகரத்தை நீட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் ஆபீசு மேல ஒகாடா ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. பொன்மோ எடுத்துக்க."

அவன் உட்கார்ந்தான். ஒரு குழாய்த் துண்டை உள்ளே விட்டு, சுத்தியால் தட்டித் தட்டி வாயைத் திறந்தான். கோணல்மாணலாக ஒரு டப்பா மாதிரி வந்தது. ஆணிகளைக் கொட்டினான். கொண்டது. குலுக்கிப் பார்த்தான், கலகலத்தது.

"ஒரு ஆணி கொறையுது," என்றான்.

"அது வராது," என்றாள் இயா வாசியு. "சந்தையில கோடு போட்டுக்கிட்டிருக்கு."